கிரிகரி மாமாவின் இல்மு

"பாப்பா, ஒரு வார்த்தை இருக்கு. அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையான்னு சொல்லு" என்றார் கிரிகரி மாமா.

"எந்த வார்த்தை மாமா?"

"முதல்ல நல்லதா கெட்டதான்னு சொல்லு. நல்லதா இருந்தா வார்த்தையைச் சொல்றேன். வயசுப் பிள்ளைகிட்ட கெட்ட வார்த்தை பேசினான்னு எனக்குப் பேர் வரக்கூடாது பாரு."

"வார்த்தை தெரியாம எப்படி மாமா சொல்றது?"

"ரெண்டு பாஷை படிச்ச பிள்ளை, இது தெரியாதா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் அப்பா, "சொல்லித் தொலையேன்டா கிரிகரி. காப்பி ஆறுது" என்றார்.

மாமா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். திருட்டுச் சாமானை மேசைமேல் வைப்பவர் போல மெதுவாக, "இல்மு" என்றார்.

"அது மலாய் வார்த்தை மாமா. எனக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் தெரியும்."

"அடக் கடவுளே. மூணாவது பாஷையில போய் மாட்டிக்கிட்டேனா!"

"அந்த வார்த்தை என்ன செஞ்சுச்சு?"

"என் மக கல்யாணத்தை நிறுத்திடுச்சு."

"அந்த வார்த்தை எப்படி நிறுத்துச்சு?"

"எனக்கு இல்மு இருக்குன்னு ஊர் பூரா நானே சொல்லி வச்சிருக்கேன். படிப்புன்னு நினைச்சுச் சொன்னேன் பாப்பா. மாதா கோயில் சாமியார் மந்திரம்ங்கிறாரு. நீ அதோட பூர்வீகத்தை விசாரிச்சுச் சொல்லு. பொண்ணு குடுக்கிறவன் பூர்வீகம் விசாரிக்க மாட்டானா, அது மாதிரி."

இது நடந்தது 1927இல், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்கட்டில். கிரிகரி மாமா எங்களுக்கு உறவு இல்லை. அடுத்த வீடு. அவர் மகள் உர்சுலா என்னோடு படித்தவள். நான் கான்வென்ட்டில் இங்கிலீஷும், மாலையில் கோயில் பள்ளியில் தமிழும் படித்து, அந்த வருஷம்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று குவார்ட்டர்ஸில் ஒரு நம்பிக்கை இருந்தது.

மாமாவுக்கு ரயில்வேயில் சக்கரம் தட்டுகிற வேலை. ரயில் வந்து நின்றதும் நீண்ட காம்பு போட்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று மட்டும் சொல்லும். அவர் காதை அதிசயக் காது என்று சொல்வதற்கில்லை. ஒரு தடவை நல்ல சக்கரத்தைச் சந்தேகப்பட்டு மெயிலை நிறுத்திவைத்து, ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பிளாட்ஃபாரத்திலேயே வசவு வாங்கினார். அவர் மனைவி பாக்கியம் அத்தை கூப்பிட்டால் அந்தக் காது கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

சின்ன வயதில் அவர் அப்பாவோடு கப்பலில் வந்தவர். அப்பா கிள்ளான் பாதையில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டினார். மகன் கோயில் பள்ளியில் நாலாம் வகுப்பு முடித்ததும், படித்தது போதும் என்று அவனையும் அதே பாதையில் சேர்த்துவிட்டார். அந்த நாலு வகுப்பை மாமா ஆயுளுக்கும் மறக்கவில்லை. பெயரைக் கேட்டால் "கிரிகரி, நாலாங்கிளாஸ் பாஸ்" என்பார். தலையில் எப்போதும் ஒரு கறுப்புத் தொப்பி. பொடி போடுவார். கோயிலில் எல்லாரும் பாடி முடித்த பிறகு அவர் தனியாக முடிப்பார்.

பையனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்தவர் என்பதால் லத்தீன் பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அர்த்தம் ஒன்றுக்கும் தெரியாது. சக்கரம் தட்டும்போது வாய் சும்மா இருக்காமல் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவார். ஒரு தட்டு, ஒரு "எத் கும் ஸ்பிரித்து துவோ." காதைச் சாய்ப்பார். இன்னொரு தட்டு, இன்னொரு லத்தீன்.

மாமா தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்த கிள்ளான் ஸ்டேஷனில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் போலீஸ்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், இது என்ன என்று கேட்டார். மாமாவுக்கு மலாய் பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். ஆனால் ரயிலில் தினம் போகிற ஒரு மலாய்ப் பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்கு இல்மு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல மாமா கேட்டிருந்தார். படிப்புக்கு அதுதான் வார்த்தை என்று பிடித்துவைத்திருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காதைத் தொட்டுக் காட்டி, "சாயா அடா இல்மு" என்றார். எனக்குப் படிப்பு இருக்கிறது என்று சொன்னதாக அவர் நினைப்பு.

போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போய் நின்றார்.

அன்றிலிருந்து கிள்ளானில் மாமாவுக்குத் தனி மரியாதை. பிளாட்ஃபாரத்தில் அவர் வந்தால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் வழிவிட்டார்கள். ஒருத்தர் வாழைப்பழம் கொண்டுவந்தார். இன்னொருத்தர் கால் கட்டிய சேவல் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார்கள். கொஞ்சச் சொல்கிறார்கள் என்று நினைத்து மாமா தலையைத் தடவி, வாயில் வந்த லத்தீனைச் சொன்னார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும். இதுவும் போனது. அடுத்த வாரம் இரண்டு சேவல் வந்தன.

"படிச்சவனுக்கு இந்த ஊர்ல எவ்வளவு மதிப்பு பாரு" என்று மாமா வீட்டில் வந்து சொல்வார்.

"நாலாங்கிளாஸுக்கே சேவல் வருது. அஞ்சாங்கிளாஸ் படிச்சிருந்தா ஆடு வந்திருக்கும்" என்று அத்தை சேவலை அறுக்கப் போவாள். ஏன் வருகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்படியே போயிருக்கும். இடையில் சாந்தமேரி அம்மாள் வந்தாள்.

அவளுக்குக் கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்தில் ஆப்பக்கடை. அவள் மகன் பேசில் ரப்பர் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. உர்சுலாவைப் பெரிய நாயகி மாதா திருநாளில் பார்த்துவிட்டு, அதன்பிறகு காரணமே இல்லாமல் பிரிக்ஃபீல்ட்ஸில் அடிக்கடி சைக்கிள் பஞ்சர் ஆன பையன். உர்சுலாவும் அந்தப் பஞ்சர்களுக்காகக் காத்திருந்தவள்தான். பெண் கேட்டு வந்தபோது சாந்தமேரி அம்மாள் நகை பற்றி ஒன்றும் பேசவில்லை. மாமாவையே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சம்பந்தி, உங்களுக்கு இல்மு இருக்குன்னு சொல்றாங்களே, உண்மைதானா?" என்றாள்.

"இருக்கும்மா" என்றார் மாமா, அடக்கமாக.

"அது போதும்" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்தினாள்.

அவளுடைய கஷ்டம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர்வரிசையில் நல்லம்மாள் என்று ஒருத்தி இட்லிக்கடை வைத்திருந்தாள். நல்லம்மாளுக்கு ஒரு பூசாரிக் கொழுந்தன். அவன் அவள் கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து தன்னுடைய ஆப்பமாவு பொங்கவில்லை என்பது சாந்தமேரி அம்மாளின் வழக்கு. 'மாவுல ஊத்துற கள்ளை மாத்திப் பாக்கச் சொல்லு' என்று பாக்கியம் அத்தை எங்களிடம் சொன்னாள். சம்பந்தியிடம் சொல்லவில்லை.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்குள் கிள்ளானிலிருந்து யாரோ பெரிய சாமியாரிடம் வந்து, பெண்ணின் தகப்பன் மந்திரவாதி, சேவல் வாங்குகிறான் என்று சொல்லிவிட்டார்கள். சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புதுச்சேரியில் படித்தவர். காய்கறி வாங்கும்போதும் பிரசங்கத் தமிழ்தான் பேசுவார். மாமாவை அழைத்து, "கிரிகோரியே, நீ சேவல்களை வாங்கினதுண்டோ?" என்றார்.

"உண்டு சாமி. உங்களுக்கும் ஒரு தொடை அனுப்பினேனே."

சாமியாருக்கு அந்தத் தொடை ஞாபகம் வந்தது. அதனால் கோபம் கூடியது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நின்று, எல்லார் முன்னிலையிலும் இல்மு கிடையாது என்று மாமா சொல்ல வேண்டும். அதற்கு மறுத்தால் மூன்றாம் ஓலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

செய்தி சாயங்கால ரயிலில் கிள்ளானுக்குப் போனது. மறுநாள் காலை ரயிலில் பதில் வந்தது, சாந்தமேரி அம்மாளின் உருவத்தில்.

"இல்லைன்னு சபையில சொல்லிட்டாருன்னா எனக்கும் சம்பந்தம் இல்லை. எதிர்க்கடைக்காரிக்கு ஒரு பூசாரி இருக்கான். எனக்கு யாரு இருக்கா? செபஸ்தியார் படம் ஒண்ணுதான். இல்மு இல்லாத சம்பந்தி வேணும்னா கிள்ளான்லயே தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்களே!"

உர்சுலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடம், "உண்டுன்னு சொன்னா சாமியார் விடமாட்டார். இல்லைன்னு சொன்னா அவங்க விடமாட்டாங்க. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கப்பா. தண்டவாளம் நடுவுல நிக்காதீங்க" என்று அழுதாள். பீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல மாமாவுக்குத் தைரியம் இல்லை. உண்மை எது என்றும் தெரியவில்லை. அப்போதுதான் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் வார்த்தையின் பூர்வீகத்தை விசாரிக்கப் போனேன். வெகுதூரம் போகவில்லை. தெருமுனையில் மீரான் ராவுத்தர் கடை. தையல் நூல் வாங்கும் சாக்கில், "பாய், இல்முன்னா என்ன?" என்று கேட்டேன்.

"ஏன்மா, யாராச்சும் உனக்கு வச்சுட்டானா?" என்று சிரித்தார். "அது மலாய் வார்த்தையே இல்லைம்மா. அரபு. நாங்களும் சொல்லுவோம். அறிவுன்னு அர்த்தம். தெரிஞ்சுக்கிறது. சின்ன வயசுல மதரஸாவுல உஸ்தாது எனக்குச் சொல்லிக் குடுத்தது இல்முதான். பிரம்பு வச்சுக்கிட்டுத்தான் சொல்லிக் குடுத்தார். மந்திரமா இருந்தா பிரம்பு எதுக்கு?"

"அப்ப மந்திரத்துக்கு ஏன் அந்தப் பேரு?"

"இங்கிருக்கிறவங்க பள்ளிப் படிப்பையும் இல்முன்னுதான் சொல்வாங்க, மந்திரம் போடுற போமோ கத்து வச்சிருக்கிறதையும் இல்முன்னுதான் சொல்வாங்க. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைன்னா எனக்கு உன்மேல கொஞ்சம் பயம் வரும்ல? அந்தப் பயம்தான் வார்த்தையில ஒட்டிக்கிச்சு. நூல் என்ன கலர்?"

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். மலாய்க்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் பாடம் நடத்துவது வித்தியாசாலை. தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் வாயிலிருந்து நெருப்பு விடுகிறவன் வித்தைக்காரன். இரண்டுக்கும் ஒரே வித்தைதான். அறிதல் என்ற ஒரே தாய்க்குப் பிறந்தவை. பிள்ளைகளில் ஒன்று வாத்தியார் வேலைக்குப் போனது, ஒன்று சந்தையில் கூட்டம் சேர்த்தது. இங்கிலீஷ்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. அவர்களுடைய 'விஸார்ட்' என்ற மந்திரவாதி, 'வைஸ்' என்ற புத்திசாலியின் வயிற்றில் பிறந்தவன்தான். எந்த ஊரிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவனை அடுத்தவீட்டுக்காரன் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்திருக்கிறான்.

இவ்வளவையும் மாமா வீட்டு அடுப்படியில் சொன்னேன். எனக்கு அது நீண்ட பேச்சு. மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தியாடி பாக்கியம்? நான் சொன்ன அர்த்தம்தான் சரி! படிப்பு!"

"சரியா இருந்து என்ன பிரயோசனம்?" என்றாள் அத்தை. "வெறும் படிப்புதான்னு சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்த ரயில்ல போயிடுவாங்க. அவங்க கேட்டு வந்தது நெருப்பு விடுறவனை. நம்மகிட்ட இருக்கிறது நாலாங்கிளாஸ்."

மாமா மெதுவாக உட்கார்ந்தார். பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. கோயிலில் கிறிஸ்துமஸுக்கு வருகிற கூட்டம். வருஷம் முழுவதும் பூசைக்கு வராதவர்கள்கூட மந்திரவாதியைப் பார்க்க வந்திருந்தார்கள். சாந்தமேரி அம்மாள் முன்வரிசையில், பட்டுப்புடவை முக்காடு போட்டு, கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். உர்சுலா என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

பூசை முடிந்தது. மாமா முன்னால் போய் நின்றார். பூசைக்கு வராத பலர் தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தார்கள். ஞானஸ்நானத்தில் பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்கிற அதே ராகத்தில் சாமியார் கேட்கத் தொடங்கினார்.

"நீ மந்திரம் செய்கிறாயோ?"

"இல்லை சாமி."

"செய்வினை, வசியம் செய்கிறாயோ?"

"இல்லை சாமி."

சாந்தமேரி அம்மாள் குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு இல்மு உண்டோ?"

சாமியார் தொண்டையைக் கனைத்தார். மாமா எங்கள் பக்கம் திரும்பி உர்சுலாவைப் பார்த்தார். பிறகு பீடத்தைப் பார்த்தார்.

"உண்டு சாமி" என்றார்.

கோயிலே ஒரு தடவை மூச்சு இழுத்தது. யாரோ ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியாரின் தாடி ஆடியது.

"என்ன சொன்னாய்?"

"உண்டு சாமி. நாலாங்கிளாஸ் வரைக்கும் உண்டு. இந்தக் கோயில் பள்ளிக்கூடத்துலதான் வாங்கினேன். அதுக்கு மேல எங்கப்பா விடலை."

"இது என்ன பரிகாசம்?"

"பரிகாசம் இல்லை சாமி. வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். வேணும்னா அந்த டீச்சர் பாப்பாவைக் கேளுங்க."

கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. பெண்கள் கோயிலில் பேசி நான் கேட்டதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். அரபு, வித்தியாசாலை, விஸார்ட் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"படிப்பு, சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சாமியார் கொஞ்ச நேரம் என்னையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கோபக்காரர்தான், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். தாடிக்குள் ஏதோ உடைந்தது.

"அப்படியானால் எனக்கும் இல்மு உண்டு!" என்று சத்தமாகச் சொல்லி, அந்த இடத்திலேயே மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நாங்கள் எல்லாரும் சாந்தமேரி அம்மாளின் முகத்தைத்தான் பார்த்தோம். படிப்பு என்று நான் சொன்னதை அவளும் கேட்டாள். அவள் குடையை விரித்து, நிதானமாக நடந்து வந்து பாக்கியம் அத்தையின் தோளில் கையை வைத்தாள்.

"சாமியாருக்கே இருக்காமே!" என்றாள்.

"ஆமா சம்பந்தி" என்றாள் அத்தை, பயந்துகொண்டே.

"நம்மவரு நாலு கிளாஸ் பாஸ் பண்ணியிருக்காரு. பெரிய சாமியார் முன்னால தைரியமா உண்டுன்னாரு பாருங்க. எதிர்க்கடைக்காரி கொழுந்தன் எத்தனை கிளாஸ்? கையெழுத்துப் போடத் தெரியாத பய!"

இல்முவுக்கு வகுப்புகள் உண்டு, பரீட்சை வைத்து மேலே ஏற்றுவார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது உண்மையும்தானே. யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, கோயிலில் ஒரு தடவை பேசியது எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கிள்ளானிலிருந்து சேவல்களும் வந்தன. சாமியாருக்கு இந்தத் தடவை முழுச் சேவலாகப் போனது. ஆப்பமாவு பொங்கத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. உர்சுலா கள்ளுக்காரனை மாற்றிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் மாமியாருக்கு அது இன்றுவரை தெரியாது.

கிரிகரி மாமா இப்போது ஓய்வுபெற்று, மகளோடு கிள்ளானில் இருக்கிறார். ஆப்பக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. எதிர்க்கடைக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. போரடித்தால் ஆப்பச்சட்டிகளைக் கரண்டியால் தட்டி லத்தீன் சொல்வார். வியாபாரம் அமோகம்.

போன வருஷம் திருநாளுக்குப் போயிருந்தபோது, சாந்தமேரி அம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நல்லம்மாள் புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறாளாம்: இல்மு வெளியூர்ச் சரக்கு, தன் கொழுந்தனிடம் இருப்பது சுத்தமான மந்திரம் என்று. சம்பந்தியம்மாள் இரண்டு நாளாக மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

"பீடத்துக்கு முன்னால மந்திரம் இல்லைன்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் பாப்பா" என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்த வார்த்தைக்கும் பூர்வீகம் விசாரிச்சுப் பாரு. நல்ல குடும்பத்துல பிறந்ததா இருந்தா சொல்லு, எனக்கும் கொஞ்சம் இருக்குன்னு சொல்லிடுறேன்."